கல்பாலம் முங்கும் முன்னே

எனக்குத் தெரிந்த மதுரை மழைக்கு முந்தைய மதுரை. காலாண்டுத் தேர்வுதான் அதற்குக் காரணம்.

செப்டம்பர் கடைசியில் பரீட்சை முடியும். மறுநாள் விடியற்காலையில் அம்மாவும் நானும் சிதம்பரத்தில் பஸ் ஏறுவோம். திருச்சியில் மாறி மதுரை போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். ஒன்பது பத்து நாள் பெரியப்பா வீட்டில் வாசம். அக்டோபர் முதல் வாரத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவது சராசரியாக அக்டோபர் 20 என்பது வானிலைத் துறையின் கணக்கு. அந்த நாளில் நான் சிதம்பரத்தில் நனைந்த பைக்கட்டோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். 1980-களில் ஏழெட்டு வருஷம் இப்படியே போனது. மழைக்காக மதுரை செய்யும் ஏற்பாடெல்லாம் பார்த்திருக்கிறேன், மழையைத்தான் பார்த்ததில்லை. பந்தக்கால் ஊன்றுவதைப் பார்த்துவிட்டு, தாலி கட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுகிற விருந்தாளி மாதிரி.

அதற்காக அந்தப் பத்து நாளில் வானம் ஒரு சொட்டுகூடச் சிந்தாது என்றில்லை. புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்களே, அதுதான். பகல் முழுக்கத் தார் இளகும். நாலு மணிக்கு நாகமலைப் பக்கம் கருக்கும். இடி உருளும். அரைமணி நேரம் சடசடவென்று அடித்து ஓயும். தெருவிலிருந்து ஆவி கிளம்பும். நான் கொண்டாடுவேன். பெரியப்பா அதைக் கணக்கில் சேர்க்கமாட்டார். "இது வெக்கைக்குப் பேஞ்சதுடா. மழை இனிமேத்தான்" என்பார்.

எங்கள் ஊரில் மழையைப் பற்றி யாரும் இவ்வளவு பேசுவதில்லை. அது பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து கடல்காற்றோடு வரும், நாலு நாள் நின்று பெய்யும், போகும். பேச்சு வந்தால் கொள்ளிடத்தில் எவ்வளவு போகிறது, எந்தக் கிராமத்துக்குள் தண்ணீர் புகுந்தது என்று வெள்ளத்தைப் பற்றித்தான் இருக்கும். மதுரையில் மழை மேற்கே எங்கோ மலையில் நடக்கிற சமாசாரம். தூரத்து உறவுக்காரரின் உடம்பைப் பற்றி விசாரிப்பதுபோல ஊரே அதை விசாரித்துக்கொண்டிருக்கும்.

பெரியப்பா வீடு பேச்சியம்மன் படித்துறைப் பக்கத்தில் ஒரு சந்து. இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று திண்ணையில் ஏறவேண்டும். அவருக்கு வாழைக்காய்ப்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளை வேலை. நடந்தால் ஐந்து நிமிடம். காலை ஐந்து மணிக்கே போய்விடுவார். என்னை எழுப்பமாட்டார், ஆனால் நானாக எழுந்து நின்றால் கூட்டிக்கொண்டு போவார்.

தேனி, சின்னமனூர், கம்பம் பக்கத்திலிருந்து தார் ஏற்றிய லாரிகள் வந்து நிற்கும். வாழைக்குலையை அங்கே தார் என்றுதான் சொல்வார்கள். சரஸ்வதி பூசை நெருங்குகிற நாட்களில் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள். பெரியப்பா பேரேட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒன்று செய்வார். லாரியின் பின்பக்கம் போய், மடித்துப் போட்டிருக்கும் தார்ப்பாயின் மடிப்புக்குள் கையை விட்டுப் பார்ப்பார். மேல்பக்கம் காற்றில் காய்ந்திருக்கும், அதை நம்பமாட்டார். உள்மடிப்பு சில்லென்று இருந்தால் விரலை என் கன்னத்தில் வைத்துக் காட்டுவார். "மேக்க பேஞ்சிருக்கு." பிறகு டிரைவரிடம் விசாரணை. எங்கே பிடித்தது, கம்பத்திலா, உத்தமபாளையத்திலா, எவ்வளவு நேரம், காற்றோடா, காற்றில்லாமலா. காற்றோடு என்றால் முகம் வாடிவிடும். குலை தள்ளிய வாழை ஒரு காற்றுக்குத் தாங்காது. மழை வேண்டும், காற்று வேண்டாம் என்பது அவருடைய நித்தியப் பிரார்த்தனை.

ஏழு மணிக்குப் பேப்பர் வரும். முதலில் புரட்டுவது அணை நிலவரம். பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி, வரத்து, வெளியேற்றம். இந்திரா காந்தி சுடப்பட்ட மறுநாள்கூட அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வந்தார் என்று பெரியம்மா சொல்லுவார். கொஞ்சம் மிகையாக இருக்கலாம். அந்த எண்களை வைத்து எனக்குப் பாடம் நடக்கும். பெரியாறு அணை 1895-இல் முடிந்தது, பென்னிகுக் கட்டியது, மேற்கே கேரளத்துக்குப் போகிற தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பினார். தேக்கலாம் என்று 1980-களில் இருந்த அளவு 136 அடி. 142-ஐ உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2014-இல், அதைப் பார்க்கப் பெரியப்பா இல்லை. வைகை அணை 1959-இல் திறந்தது, தேக்கும் முழு அளவு 71 அடி. 66 அடி வந்தால் கரையோர ஜனங்களுக்கு முதல் எச்சரிக்கை, 69-இல் மூன்றாவது. இது எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். "அறுபத்தாறு வந்துருச்சுன்னா நம்ம ஆத்துக்கு உசுரு வந்துரும்டா."

மலையில் பெய்தது அப்படியே மதுரைக்கு வந்துவிடாது, அதுதான் இதிலுள்ள சிக்கல். நடுவில் அணை பிடித்து வைக்கும். திறந்துவிட்டாலும் பேரணையில் பெருவாரியைப் பாசனக் கால்வாய் வாங்கிக்கொண்டு போய்விடும். அதற்கும் மிஞ்சியதுதான் ஊருக்குள் வரும் ஆறு. ஆகவே நான் போகிற நாட்களில் வைகை என்பது மணலும் நாணலும் சீமைக்கருவேலமும் நாலைந்து எருமைகளும்தான். நடுவில் ஒரு சாக்கடை ஓடை. சலவைக்காரர்கள் ஊற்றுத் தோண்டித் துவைத்து, மணலிலேயே வேட்டிகளை விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். மேலே 1889-இல் கட்டிய ஏ.வி. பாலம், ஆல்பர்ட் விக்டர் பெயரில். வெள்ளைக்கார இளவரசன் பெயர் எங்கள் வாயில் ஏ.வி. ஆகிப் பிழைத்தது. ஆற்றுக்குள் தாழ்வாகப் போவது யானைக்கல் கல்பாலம். தண்ணீர் வந்தால் முதலில் முங்குவது அது. 'கல்பாலம் முங்கிருச்சு' என்பது மதுரையில் மழைக்காலம் வந்துவிட்டது என்பதற்கான அதிகாரபூர்வ அறிவிப்பு. வானிலைத் துறை என்ன சொன்னாலும் சரி.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்பாலம் வரை நடப்பார். அவரைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர். கைப்பிடிச் சுவர்கூட இல்லாத அந்தப் பாலத்து ஓரத்தில் நின்று மேற்கே பார்ப்பார்கள். பார்க்க ஒன்றுமே இருக்காது. செத்தைகளுக்கு மேலே வானம் செம்பு நிறத்தில் இருக்கும், தட்டான்கள் தலைக்கு ஒரு முழம் மேலே தாழப் பறக்கும். ஒருவர் தட்டானைக் காட்டி "நாளைக்கு இருக்கு" என்பார். இன்னொருவர் "போன வருஷமும் இப்பிடித்தான் பறந்துச்சு" என்பார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலைவார்கள். வீட்டுக்குள் நுழையும்போது அடுப்படியிலிருந்து பெரியம்மாவின் குரல் வரும்: "தண்ணி வந்துருச்சா?"

வந்திருக்காது என்று அவருக்கும் தெரியும்.

பெரியம்மாவிடம் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. வருணன் மதுரையை அழிக்க மேகங்களை ஏவினான், சொக்கநாதர் தன் சடையிலிருந்து நாலு மேகங்களை அனுப்பினார், அவை நாலு மாடங்களாகி ஊருக்குமேல் கவிந்து நின்று மழையைத் தடுத்தன, அதனால்தான் நான்மாடக்கூடல் என்று பெயர். எல்லோரும் பெருமையாகச் சொல்கிற திருவிளையாடல். பெரியம்மா அதைப் புகாராகச் சொல்வார். "சாமியே மறிச்சு நிப்பாட்டிருச்சு. பெறகு எங்கிட்டுப் பேயும்?"

இன்னொரு கதை புட்டுக்கு மண் சுமந்தது. வைகை உடைப்பெடுக்கிறது, வீட்டுக்கு ஒரு ஆள் கரை அடைக்க வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு, நாதியில்லாத வந்திக் கிழவிக்காகக் கூலியாளாக வந்து உதிர்ந்த புட்டை வாங்கித் தின்று தூங்கிப் பிரம்படி பட்டார் சிவன். திருவிழா ஆவணி மூலத்தில், புட்டுத்தோப்பில். சின்ன வயதில் எனக்கு அதில் புட்டுதான் முக்கியம். வளர்ந்தபிறகுதான் மாதத்தைக் கவனித்தேன். ஆவணி போனால் புரட்டாசி, அதற்கடுத்து அடைமழை. கரையைப் பார்த்துவைக்கவேண்டிய காலம் அது. வீட்டுக்கு ஒரு பங்கு என்று அளந்துவிட்டதை ஊர் வருஷாவருஷம் ஞாபகப்படுத்திக்கொள்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பக்திமான்கள் மன்னிக்கவேண்டும்.

சந்துக்குள் மழைக்கான ஓட்டம் வேறு மாதிரி. மூன்றாவது வீட்டில் கம்பெனியிலிருந்து மாவு வாங்கிவந்து அப்பளம் தேய்ப்பார்கள். உளுந்து மாவும் அப்பளக்காரமும் கலந்து இடித்த உருண்டை, உலக்கை பட்டுப் பளபளவென்று இருக்கும். அதை நூலால் அறுத்து வில்லையாக்கி, ஐந்தாறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பலகையில் தேய்ப்பார்கள். மொட்டைமாடியில் பாய் விரித்துக் காயப்போடவேண்டும். அதிகம் காய்ந்தால் ஓரம் வளைந்துவிடும், ஈரம் நின்றால் பூஞ்சணம். அந்த நாட்களில் அவர்களுக்கு ஒரு கண் பலகையில், ஒரு கண் மேலே. மேகம் மறைத்தால் ஒரு சத்தம் வரும், சந்தில் இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் மாடிக்கு ஓடவேண்டும். அப்பளத்தை அள்ளக்கூடாது. பாயின் நாலு முனையையும் நாலு பேர் பிடித்து, சமமாகத் தூக்கி, படிக்கட்டில் சாய்க்காமல் இறங்கவேண்டும். ஒரு தடவை நான் என் முனையை விட்டுவிட்டேன். நூற்றுக்கணக்கில் உருண்டு படி முழுக்க அப்பளம். யாரும் அடிக்கவில்லை. ராத்திரி அந்த உடைந்த அப்பளமெல்லாம் பொரித்துப் பெரியம்மா வீட்டுக்கு ஒரு தாம்பாளம் வந்தது. "ஒங்க சிதம்பரத்துப் பிள்ளைக்கு" என்றார்களாம். அதைத் தின்ன எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கொடுத்தது.

எதிர்வீட்டு அக்கா சௌராஷ்டிரக்காரர். சுங்குடிச் சேலைக்குப் புள்ளி கட்டுவார். வெள்ளைத் துணியை நகத்தால் மிளகளவு கிள்ளி எடுத்து நூலைச் சுற்றி ஒரு இழுப்பு. பேசிக்கொண்டே, என் பக்கம் திரும்பிக்கொண்டே, கை தன்பாட்டில் ஓடும். கட்டியதைச் சாயத்தில் முக்கிக் காயவைத்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஐப்பசியில் தீபாவளி. அதற்குள் சேலைகள் கடைக்குப் போகவேண்டும், மழை பிடித்தால் சாயம் காயாது. அந்த வீட்டில் அந்தப் பத்து நாளும் நான் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

விளக்குத்தூண், பத்துத்தூண், தெற்குமாசி வீதிப் பக்கம் போனால் அங்கேயும் வானத்தைப் பார்க்கிற ஜனம்தான். நடைபாதையில் ஜட்டி பனியன் விற்கிறவர்கள், ரெடிமேட் சட்டையைத் தோளில் அடுக்கிக்கொண்டு விற்கிறவர்கள். எல்லோரிடமும் ஒரு பிளாஸ்டிக் தாள் சுருட்டி வைத்திருக்கும். மண்டியில் பெரியப்பா வரவேண்டும் என்று வேண்டுகிற அதே மழையை இவர்கள் தீபாவளி கழியட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். மீனாட்சி யார் பேச்சைக் கேட்பாள்?

கோயிலுக்குள் கல் வியர்க்கும். இதை நான் வேறெங்கும் இவ்வளவு கவனித்ததில்லை. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் மண்டபத் தூண்களைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டும், எண்ணெய்யும் தண்ணீருமாக. முக்குறுணிப் பிள்ளையார் எதிரே தரை வழுக்கும். வௌவால் நாற்றமும் மல்லிகையும் கலந்த ஒரு வாடை அந்த ஈரத்தில் இன்னும் கனத்துவிடும். மல்லிகைக்கும் அது கடைசிச் சுற்று. குளிரும் மழையும் வந்தால் மொட்டு சிறுத்துப் போகும், வரத்துக் குறையும், விலை ஏறும். "இன்னிக்கி வச்சுக்க தாயி, அடுத்த மாசம் ஒனக்கும் எனக்கும் கட்டாது" என்று சொல்லிப் பூக்காரம்மா அளக்கிற முழத்தில் ஒரு கணு கூடுதலாக இருக்கும்.

தெப்பக்குளத்தில் எங்களுக்குக் கிரிக்கெட். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது என்பார்கள், மகாலுக்குச் செங்கல் சூளைபோட மண் எடுத்த பள்ளம் என்றும், அப்போது கிடைத்தவர்தான் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். எனக்கு அது மைய மண்டபத்தில் அடித்தால் ஆறு ரன் கிடைக்கிற மைதானம். குளம் என்பது பெயருக்குத்தான் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

விளையாடிவிட்டு வரும் வழியில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், கொஞ்சம் அரிசிமாவு. தள்ளுவண்டிக்காரர் அடுப்பின்மேல் வைத்த பாத்திரத்தில் கிண்டிக்கொண்டே இருப்பார், நிறுத்தினால் அடிப்பிடிக்கும். கூழுக்கும் பாலுக்கும் நடுவே ஒரு பதம். நாக்கைச் சுட்டுக்கொள்ளாமல் அதைக் குடித்தவன் இல்லை. வெயில் காலத்தில் ஜிகர்தண்டாவுக்குக் கியூவில் நின்ற ஊர், சுக்கு வாசனைக்கு நகர்ந்துவிட்டது என்றால் பெரியப்பாவுக்கு அதுவும் ஒரு சகுனம்.

ஒரே ஒரு வருஷம் தண்ணீரைப் பார்த்தேன். ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ. ஊருக்குக் கிளம்பும் நாள், விடிகாலை ஐந்தரை இருக்கும். பெரியப்பா மண்டியிலிருந்து திரும்பி ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. "எந்திரிடா, தெறந்துவிட்டாய்ங்களாம்." பல்கூட விளக்காமல் கல்பாலத்துக்கு ஓடினோம். சந்தில் பாதி அங்கேதான் நின்றது.

நான் சினிமாவில் வருவதுபோல அலை அடித்துக்கொண்டு வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஒரு நாக்கு. பழுப்பு நிறம், ஒரு ஆள் அகலம், முன்னால் நுரையும் செத்தையும் ஒரு ரப்பர் செருப்பும். மணலில் ஒரு பள்ளத்தைக் கண்டால் நின்றுவிடும். அது நிறையும்வரை காத்திருந்து, விளிம்பில் ததும்பி, அடுத்த பள்ளத்தைத் தேடிப் போகும். போகிற வழியில் மணல் 'ஸ்ஸ்' என்று சத்தம் போட்டுக் காற்றைக் கக்கியது, சின்னச் சின்னக் குமிழிகளாக. முந்தின நாள் யாரோ வறட்டி காயப்போட்டிருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. எருமை ஒன்று முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஒரு கிழவி இறங்கிப்போய் அந்த அழுக்குத் தண்ணீரைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாலத்தடிக்கு அது வந்து சேர்வதற்குள் அம்மா ஆள் அனுப்பிவிட்டாள். எட்டு மணி பஸ். கல்பாலம் முங்கியதா என்று தெரியாமலே நான் திருச்சி போய்ச் சேர்ந்தேன்.

முங்கவில்லையாம். கணுக்காலளவு ஓடி மூன்றாம் நாள் நின்றுவிட்டது என்று பெரியப்பா இன்லண்டு லெட்டர் எழுதினார். 1993 நவம்பரில் வந்தது அப்படியல்ல. அப்போது நான் கல்லூரியில். அந்த வெள்ளத்தில் பேச்சியம்மன் படித்துறைப் படிகள் ஒன்றும் மிஞ்சாமல் மறைந்ததை அவர் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, பெட்டி நனைந்தது, பேரேடு நாசம். ஆனால் கடிதம் முழுக்க ஒரு குதூகலம். கடைசி வரி மட்டும் எனக்கு: நீ இல்லாமப் போயிட்டியேடா.

இந்த முறை நான் வேண்டுமென்றே அக்டோபர் முதல் வாரத்தில் போனேன். பெரியப்பா காலமாகிப் பதினாறு வருஷம். சந்து வீட்டை விற்றுவிட்டார்கள். பெரியம்மா அண்ணன் வீட்டில், விளாங்குடியில். பார்த்துவிட்டுச் சாயங்காலம் யானைக்கல்லுக்கு வந்தேன். ஆற்றின் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிக் கரையோரம் சாலை போட்டிருக்கிறார்கள். போக்குவரத்துக்கு வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஆறு, சட்டை சிறுத்துப்போன பையனைப்போல நிற்கிறது. தெப்பக்குளத்தில் தண்ணீர் நிற்கிறது, அதுதான் ஆச்சரியம். வைகையிலிருந்து வாய்க்காலைச் சரிசெய்து நிரப்பினார்களாம். நான் ஆறு ரன் அடித்த மண்டபத்தைச் சுற்றிப் படகு போகிறது. சந்தோஷமாகவும் இருந்தது, என் மைதானத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்றும் இருந்தது.

ஆட்டோக்காரத் தம்பி செல்லூர்க்காரர். மழை எப்படி என்று கேட்டேன். 2024 அக்டோபர் 25 அன்று பிற்பகல் பெய்ததைச் சொன்னார். பந்தல்குடி வாய்க்கால் பொங்கி வீட்டுக்குள் வந்த கதை. "ஆத்துல வந்தா கண்ணுக்குத் தெரியும்ணே, ஓடிறலாம். இது தலைக்கு மேல கொட்டி, காலுக்கடியில ஏறுது" என்றார். கண்மாய்களைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. உயர் நீதிமன்றக் கிளை நிற்கிற இடம் உலகநேரிக் கண்மாய் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வைகை அணைத் தண்ணீரை வெயில் குடித்துவிடாமல் இருக்க 2017-இல் தெர்மாகோல் அட்டையை மிதக்கவிட்டதைப் பற்றி மட்டும் இருவரும் கொஞ்சம் சிரித்துக்கொண்டோம். அந்த அட்டைகள் அன்றைக்கே காற்றில் கரை ஒதுங்கிவிட்டன.

கல்பாலத்தில் யாரும் மேற்கே பார்த்து நிற்கவில்லை. வண்டிகள் போகிற வேகத்தில் நிற்கவும் முடியாது. ஒரு ஓரமாக ஒதுங்கி நான் கொஞ்ச நேரம் நின்றேன். ஆகாயத்தாமரையும் சாக்கடையும். தட்டான்கள் இருந்தன. பழக்கதோஷத்தில், வழியில் பேட்டையோரம் நின்ற ஒரு லாரியின் தார்ப்பாய் மடிப்புக்குள் கையை விட்டேன். "என்ன சார் வேணும்?" என்று கிளீனர் பையன் அதட்டினான். "எங்கிருந்து வருது வண்டி?" என்றேன். "சின்னமனூர்." "மழையா அங்கிட்டு?" அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் செல்போனை எடுத்து நீட்டினான். படத்தில் மேற்கு மலைமேல் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. தார்ப்பாய் காய்ந்திருந்தது.

ராத்திரி விளாங்குடிக்குத் திரும்பியதும் பெரியம்மா கட்டிலில் படுத்தபடியே கேட்டார். கண் சரியாகத் தெரிவதில்லை, வேட்டி நிழலை வைத்து யாரென்று நினைத்தாரோ.

"தண்ணி வந்துருச்சா?"

"இன்னும் இல்ல பெரியம்மா."

"அறுபத்தாறு வரட்டும்" என்றார்.

மறுநாள் மாட்டுத்தாவணியில் பஸ் கிளம்பும்போது இருட்டிக்கொண்டு வந்தது. ஆனைமலை பாதிதான் தெரிந்தது. ஒத்தக்கடை தாண்டும்போது கண்ணாடியில் பெரிய பெரிய சொட்டுகள் விழுந்தன. டிரைவர் வைப்பரைப் போட்டார். ஆறு மாதப் புழுதி சேறாகக் குழைந்து இரண்டு அரைவட்டம் கோடு இழுத்தது. பக்கத்துச் சீட்டுக்காரர் ஜன்னலை இழுத்து மூடிக்கொண்டே, "மழை ஆரம்பிச்சிருச்சு போல" என்றார்.

"இது வெக்கைக்குப் பெய்யுது சார்" என்றேன்.

மேலூர் வந்தபோது சாலை காய்ந்து கிடந்தது.